எண்ணெய்க் கிணறும் எங்கள் வீடும்

எண்ணெய்க் கிணறு வரப்போகிறது என்ற பேச்சு எங்கள் கடற்கரைக்கு வந்தபோது, என் வீட்டுக்காரர் வளைகுடா நாட்டுக் கடலில் எண்ணெய் எடுக்கிற மேடை ஒன்றில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பழகி, கல்யாணத்துக்கு முன்பே அங்கே போய்விட்டவர். எங்கள் வீடு அந்தச் சம்பளத்தில் கட்டியது. மகளின் பள்ளிச் செலவும் அதில்தான் நடக்கிறது. நான் தெருவின் மகளிர் குழுத் தலைவி. கருவாடும் மீன் மசாலாவும் பாக்கெட் போட்டு விற்கிறோம்.

செய்தியைக் கொண்டுவந்தது என் அண்ணன். ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். எங்களுக்கு எதிரே கடலில் தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே வலை போடக்கூடாது, தீவில் இறங்கக்கூடாது. அந்த எல்லை முடிந்து கொஞ்ச தூரத்தில் ஆழக்கடலில் துளை போட்டுப் பார்க்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது என்றார். அண்ணனுக்கு வந்த கோபம் அந்த எல்லையைப் பற்றித்தான்.

"நாம அங்கன போனா வனத்துறை படகைப் பிடிக்கான். ஒரு கடல் அட்டை வலையில ஏறினாக்கூட கேசு. இப்பம் கோட்டுக்கு அந்தப் பக்கம் குழாயை எறக்குவானாம். தண்ணிக்குக் கோடு தெரியுமா, ஏளா?"

ஆண்கள் மட்டும் கலெக்டர் ஆபீசில் போய் நின்றால் போதாது, பெண்களிடமும் மனுவில் கையெழுத்து வாங்கிக் கொடு என்று கேட்டார். சரி என்றேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் கேட்டார், எனக்கும் நியாயமாகப் பட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் குழுப் பெண்கள் சிலரோடு வீடு வீடாகப் போனோம். பெரும்பாலானவர்கள் பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தார்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் ஒரு அக்காள், மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏளா, ஒம் புருஷன் அனுப்புற காசும் எண்ணெய்க் காசுதான? அதை வாங்கிக்கிட்டு இங்கன வேண்டாம்ங்கிய?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கையெழுத்தும் போட்டாள். அடுத்த இரண்டு வீட்டில் கூட வந்தவர்களைப் பேசவிட்டு, நான் பேனாவை மட்டும் நீட்டினேன்.

போனில் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவர் லீவில் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாங்கள் மனுவோடு நின்ற படம் வாட்சப்பில் சுற்றி, அவர் இருந்த மேடைக்கே போய்விட்டது. அங்கே நம் பக்கத்துப் பையன்களும் வேலை பார்க்கிறார்கள். அன்று பேசும்போது, "படத்துல முன்னால நிக்கே" என்றார். ஆமா என்றேன். மகளுடைய பரீட்சையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

லீவில் வந்தவர் முதல் சில நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மோட்டார் ரிப்பேர் பார்த்தார், மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போனார். அந்த வாரத்தில் அவரோடு முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது அந்தக் கம்பெனிக்கு உள்ளூர் ஆளாக இருந்தார். முத்தையாபுரத்தில் அவர்களுக்கு ஒரு ஆபீஸ் இருந்தது. நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, வேலை தொடங்கினால் சாமான் ஏற்றுகிற கப்பல்கள் இங்கேயிருந்துதான் போகும், அனுபவமுள்ள கிரேன் ஆபரேட்டர் வேண்டும், அங்கே வாங்குவதைவிடச் சம்பளம் கொஞ்சம் குறையும், ஆனால் ராத்திரி வீட்டில் படுக்கலாம் என்றார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போகும்போது மட்டும் என்னைப் பார்த்து, "தங்கச்சியும் கொஞ்சம் யோசிங்க" என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும்போல் இருந்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் அவர் இல்லை. அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோதும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் அண்ணனும் நானும்தான் உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலேயே வேலை என்றால் எந்தப் பெண்ணுக்குக் கசக்கும்?

அன்று சமையல்கட்டில் நானே கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. நீங்க பாக்கிற வேலை கடலைக் கெடுக்குதா?"

அவர் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். பிறகு, அங்கே எல்லாவற்றுக்கும் விதி உண்டு, சின்னத் தப்புக்கும் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அப்படியிருந்தும் கப்பலிலிருந்து டீசல் ஏற்றும் குழாய் ஒருமுறை வெடித்ததைக் கிரேன் மேலிருந்து பார்த்திருக்கிறார். தண்ணீர்மேல் எண்ணெய் பளபளவென்று பரவிப் போனதாம். அங்கே கரை வெகுதூரம், பக்கத்தில் தீவும் இல்லை, பாறையும் இல்லை என்றார்.

"அப்பம் இந்த வேலையை என்ன செய்ய?" என்றேன்.

"நீ வேணும்னு நினைக்கியா?"

"நினைக்கேன். வேண்டாம்னும் நினைக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது, முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.

சில நாளில் கம்பெனி ஒரு கல்யாண மண்டபத்தில் விளக்கக் கூட்டம் போட்டது. மின்விசிறிகள் ஓடியும் புழுக்கம் தாங்கவில்லை. பெரிய திரையில் எண்ணெய் மேடையின் கால்களைச் சுற்றி மீன்கள் கூட்டமாக நீந்துவதைக் காட்டினார்கள். விளக்கம் சொன்ன அதிகாரி மரியாதையாகவே பேசினார், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் எழுந்து, காற்று மாறி நீரோட்டம் தீவுப் பக்கம் திரும்புகிற மாதங்களில் ஏதாவது கொட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "மொதல்ல ஒங்க வீட்டுக்காரரை அந்த வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க. பெறவு எங்களுக்குப் புத்தி சொல்லலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்கு உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"நான்தான் அவ வீட்டுக்காரன்" என்றார். "எண்ணெய் மேடையிலதான் வேலை பாக்கேன். அந்த வேலையைக் கேவலமாச் சொல்ல மாட்டேன். கவனமாத்தான் செய்யுதோம். கவனமாச் செஞ்சும் எண்ணெய் கடல்ல விழுந்ததை என் கண்ணால பாத்திருக்கேன். இங்கன பவளப் பார் கெடக்கு, மீன் முட்டையிடுத எடம். எனக்கு வீட்டுப் பக்கத்துல வேலை கிடைக்கும்ங்கிறதுக்காக இதுக்குச் சரின்னு சொல்ல முடியாது."

அதிகாரி, அவர் சொன்னது குறித்துக்கொள்ளப்பட்டது என்றார். என் கேள்விக்கும் பதில் சொன்னார்: கசிவைத் தடுக்கத் திட்டம் இருக்கிறது, கப்பல் தயாராக நிற்கும். அதை நம்பியவர்களும் இருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அண்ணனும் மற்றவர்களும் கம்பெனி கொடுத்த டீயைக் குடிக்காமல் வெளியே போனார்கள். கோயிலுக்குப் பின்வீட்டு அக்காள் மட்டும் நின்று டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். நமக்கென்று வைத்ததை ஏன் விடவேண்டும் என்றாள்.

வழியில் வீட்டுக்காரரிடம், ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் சும்மா இருந்தேன், வந்தேன் என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆட்டோவில் அவர் தோள் என்மேல் பட்டுக்கொண்டிருந்தது. நானும் நகரவில்லை.

அந்த உள்ளூர் ஆள் அதன்பின் வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போவார். எங்கள் தெருவில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்த இரண்டு வீட்டார் கொஞ்ச நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. படித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

லீவு முடிந்து அவர் புறப்பட்டுப் போனார். அதற்குப் பிறகுதான், அனுமதி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று பேப்பரில் வந்தது. ஊரில் சிலர் வெடி வாங்கப் போனார்கள். அண்ணன் தடுத்துவிட்டார். நிறுத்திவைத்திருக்கிறார்கள், விட்டுவிட்டுப் போகவில்லை என்றார். அதனால் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும்போதெல்லாம் நாங்கள் பெண்களும் போய் உட்கார்கிறோம். அந்தக் கிணறு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறோம். புதிய தகவல் இல்லை என்று சொல்கிறார்கள். எழுந்து வருகிறோம்.

மகள் காய்ச்சலில் படுத்திருக்கிற நாளில், அந்த உள்ளூர் வேலை வந்து அவர் அதில் சேர்ந்திருந்தால் இப்போது வீட்டில் இருப்பார் என்று தோன்றத்தான் செய்கிறது. அதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். தனக்கும் தோன்றும் என்றார். அடுத்த கூட்டம் என்றைக்கு என்றும் கேட்டார்.