பாக்கெட் அக்காவின் நீலக் கோடு

நீல டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கிறாள் பாக்கெட் அக்கா. கத்தரிக்கோல் இல்லாமல் இல்லை. அது அவள் ஏப்ரனிலேயே இருக்கிறது. ஏழு பாக்கெட்டுகளில் எதில் என்பதுதான் கேள்வி. தேடிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே உள்ள வாசலில் மண்டியிட்டு, வாரம் ஒருமுறை பழைய டேப்பை உரித்துப் புதிதாக ஒட்டுகிறாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம். பல ஊர் சுற்றி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிற இருமொழிப் பள்ளி அது. சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் அறை மாறுவார்கள். ஆசிரியைகள் இருவரும் தத்தம் அறையோடு சரி. நாள் முழுக்க இரண்டு பக்கமும் போய்வருகிறவள், உதவியாளரான இவள் ஒருத்திதான்.

பாக்கெட்டுகளைக் கவிழ்த்தால் ஒரு பெட்டிக்கடை வைக்கலாம். பிளாஸ்டர், ஊக்கு, ரப்பர் பேண்ட், அரை டஜன் கைக்குட்டை, ஜோடி தொலைத்த இரண்டு சாக்ஸ், காகிதத்தில் மடித்த ஒரு பால் பல். பல்லுக்குச் சொந்தக்காரன் காய்ச்சலில் லீவு போட்டிருக்கிறான். வந்ததும் ஒப்படைக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அவளுக்கு சாரும் மேடமும்தான். "சார், மூக்கு ஒழுகுது, வாங்க." "மேடம், தண்ணி குடிச்சீங்களா இல்லையா?" பழக்கம் வீடு வரை போய்விட்டது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த மாமியாரிடம், "மேடம், கை கழுவியாச்சா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்த ஒரு வாரம் வீடு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

வயிறு வலிக்கிறது என்று வருகிற பிள்ளையிடம் எங்கே வலி என்று கேட்க மாட்டாள். "அடுத்த பீரியட் என்ன?" என்பாள். கணக்கு என்று பதில் வந்தால், வயிற்றைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். வலி போய்விடும். "அழுற புள்ளையப் பத்திக் கவலையே இல்ல. அழாம மூலையில உக்காந்திருக்கு பாருங்க, அதைத்தான் கவனிக்கணும்." இருபது வருடத்து அனுபவம், தன் கணிப்பு தப்பாது என்பதில் அவளுக்கு அப்படியொரு உறுதி. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது சொன்னால், "நான் யானை இல்லையே!" என்பாள்.

சறுக்கியது பூனைக்குட்டி விஷயத்தில். பூனை முகம் போட்ட பையோடு வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த சிறுமி அவள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. நான்கு மாதமாகப் பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. வீட்டிலோ வாய் ஓயாது என்று அவள் அம்மா சத்தியம் செய்கிறாள். ஆசிரியைகள் கெஞ்சிப் பார்த்தார்கள், கொஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் பிரின்சிபால், "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? எதை வெச்சு இந்தப் புள்ளைய நாங்க மதிப்பிடறது? வேற ஸ்கூல் பாக்கச் சொல்லிடலாம்," என்று சொல்லி, வெள்ளிக்கிழமை அம்மாவை வரச் சொல்லிவிட்டார்.

கேட்டருகே அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது மூணாவது ஸ்கூல்க்கா. அவங்க அப்பாவுக்கு மாத்தல் வந்துக்கிட்டே இருக்கு. இன்னொரு தடவை மாத்தினா இவ தாங்க மாட்டா."

"பேசுவா. நான் சொல்றேன்ல," என்றாள் அக்கா, பிரின்சிபாலே தான்தான் என்பது போல. எப்படிப் பேசவைப்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை எல்லாரும் விளையாடப் போன பிறகு, பூனைக்குட்டி ஷூ லேஸ் கட்டுவதற்காக வாசலில், நீல டேப்பின் மேலேயே உட்கார்ந்தாள். அக்கா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோட்டு மேல உக்காந்தா எந்தப் பேச்சு?"

பென்சில் கீழே விழுந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. "கோட்டு மேலயா? கோட்டு மேல எது வேணா பேசலாம் மேடம்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பூனைப் பையில் ஜிப் ஒடிந்தது, அப்பா நெக்ஸ்ட் வீக் வருகிறார், கேரட் ஐ டோன்ட் லைக், முன்வரிசைப் பையன் தினமும் ரப்பரைக் கடிக்கிறான் என்று இரண்டும் கலந்து கொட்டினாள். எல்லாம் கேட்டு முடித்து, "இத்தனை நாள் ஏன் மேடம் பேசல?" என்றாள் அக்கா.

"நீங்கதானே சொன்னீங்க, கோட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கத்து வார்த்தை ஒண்ணுகூட ஒட்டிக்கிட்டு வரக் கூடாதுன்னு. எனக்கு எல்லாமே ஒட்டிக்கிட்டு வருது."

புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் அக்கா சொல்கிற வேடிக்கை அது. சொல்லிவிட்டு, ஒட்டிய வார்த்தையை உதறிவிடுவது போல அவர்கள் தோளைத் தட்டிவிடுவாள். எல்லாரும் சிரித்துவிட்டு ஓடுவார்கள். இவள் ஒருத்தி நம்பிவிட்டாள். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாக்கெட்டில் அரை டஜன் கைக்குட்டை இருந்தும் ஏப்ரன் ஓரத்திலேயே துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே பிரின்சிபால் அறைக்குள் போய், சிறுமியின் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தப்பு புள்ளைது இல்ல மேடம், என்னுது," என்று நடந்ததைச் சொன்னாள்.

"இருபது வருஷமா இதைத்தான் சொல்றீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் மேடம். ஒரு நடை வந்து பாருங்க."

பிரின்சிபால் வந்தார். கோட்டின் மேல் உட்கார்ந்து பூனைக்குட்டி ஒரு படக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதையில் வந்த கரடி தமிழில் கோபித்துக்கொண்டது, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. கதை முடியும் வரை பிரின்சிபால் அசையவில்லை. அம்மா சுவரோடு சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்கயே படிக்கட்டும்," என்றார் பிரின்சிபால். போகிறபோது திரும்பி, "ஆனா கோட்டை எடுக்கக் கூடாது. அது ஸ்கூல் விதி."

"எடுக்கவே மாட்டேன் மேடம்," என்றாள் அக்கா. அந்தப் பணிவு பிரின்சிபாலுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்திருக்கும்.

திங்கள்கிழமை மணி அடிக்கும் முன்பே வாசலில் மண்டியிட்டிருந்தாள். பழைய கோட்டை உரிக்கவில்லை. அதை ஒட்டினாற்போல் இன்னொரு பட்டை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று ஒட்டிக்கொண்டே போனாள். சீக்கிரமே வந்துவிட்ட பூனைக்குட்டி அதன் மேல் உட்கார்ந்து அளவு பார்த்தாள். முட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலும் நான்கு பட்டை ஒட்டியதும் சரியாக அடங்கியது.

அக்கா பெருமூச்சோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூனைக்குட்டி குனிந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க பாதி இன்னும் தமிழ்ப் பக்கம் இருக்கீங்க."

அக்கா தன் இடுப்பைப் பார்த்தாள், மீதமிருந்த டேப்பைப் பார்த்தாள், சுருளை இழுத்துப் பல்லால் கடித்தாள்.