வில்லியன் வளவுப் புவனேஸ்வரி அக்கா

ஆக்லாந்தின் விரி பகுதியில் எங்கள் கிடங்கு வாசலில் காலை லாரிகள் வரிசை கட்டும் நேரம். கைபேசியில் சிவகுமார் அண்ணாவின் பெயரைக் கண்டதும் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். காரணமில்லாமல் என்னை அழைக்கிறவர் அல்ல அவர்.

"அக்கா போயிட்டா, மாலதி. விடியக்காலமை, ஆஸ்பத்திரியில."

என் வாயில் வந்த முதல் கேள்வி, "நெஞ்சாண்ணா?" என்பதுதான்.

"இல்லை. அது இல்லை. நுரையீரல்ல கிருமி." "எல்லாரும் அதைத்தான் கேக்கினம்," என்றார்.

புவனேஸ்வரி அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்று அவருடைய பிறந்த இடம். தலைமுறை தலைமுறையாகக் கப்பலோட்டிய குடும்பம். தோணியின் தலைவரை அங்கே தண்டயல் என்பார்கள். அக்காவின் தகப்பனார் தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் சரக்கு ஏற்றிப் போய்வந்த தண்டயல். அந்த வீட்டாருக்குச் சாம்பல் நிறக் கண்கள். அவர்கள் இருந்த காணிக்கு வில்லியன் வளவு என்று பெயர். அந்த வில்லியன் யார் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தகப்பனார் கரையோரம் நீந்திக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அலை இல்லாத நாள். சில வருடங்கள் கழித்து மூத்த அண்ணா, நங்கூரக் கயிற்றை விடுவிக்கக் குதித்தவர், உயிரோடு மேலே வரவில்லை. கடல் எடுத்துவிட்டது என்றது ஊர். பரிகாரப் பூசை நடந்தது. அதன் பிறகு அக்கா கடலில் கால் நனைத்ததே இல்லை.

"நீந்தத் தெரியாதவன் தண்ணியில தாழுறதில புதினம் இல்லை, பிள்ளை," என்று ஒருமுறை சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் சொன்னார். "எங்கட வீட்டில மீன்மாதிரி நீந்தினவைதான் தாண்டு செத்தவை. அதை ஆரும் யோசிக்கேல்லை."

போர்க்காலத்தில் கணவரோடு அகதியாக நியூசிலாந்துக்கு, ஆக்லாந்துக்கு வந்தார். கணவர் சீக்கிரமே காலமானார். பிள்ளைகள் இல்லை. பின்னால் வந்து சேர்ந்த தம்பி சிவகுமாரின் மகள் ஆரணியை, அவள் தாய் வேலைக்குப் போன காலம் முழுவதும் அக்காதான் பார்த்துக்கொண்டார்.

நான் திருச்சியிலிருந்து கணவரின் விசாவில் வந்து அந்தக் கிடங்கில் சேர்ந்தபோது அவர் எங்கள் குழுவுக்குத் தலைவி. கண்டிப்பானவர். பேச்சு முடிந்தால் விடைபெறாமலே போனை வைத்துவிடுவார். மேலாளர் ஒருவர் எங்களைப் பார்த்துக் குரலை உயர்த்தியபோது, அவர் முடிக்கும்வரை பேசாமல் நின்று, "இப்போது மெதுவாகச் சொல்லுங்கள், எனக்குக் கேட்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்களிடம் கத்தியதில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம், மரபணுச் சோதனைக் குழாய்கள் மலிவாகக் கிடைத்தன என்று வேலையிடத்தில் எல்லோரும் விளையாட்டாக எச்சிலைத் துப்பி அனுப்பினோம். அக்காவும் அனுப்பினார். முடிவு வந்தபோது அவருடையதில் ஒரு சிறு பங்கு ஆங்கிலேய வம்சம் என்று இருந்தது.

"அக்கா, உங்க கண்ணு கலருக்கு இதானா காரணம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வில்லியன்," என்றார். பிறகு மெதுவாக, "வில்லியம்."

அதே பக்கத்தில் தூரத்து உறவினர் என்று ஒருவரின் பெயர் காட்டியது. கிரஹாம். ஹில்ஸ்பரோவில், அக்காவின் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் இருந்தார். அக்கா எழுதினார். அவர் தேநீருக்கு அழைத்தார். தனியாகப் போகத் தயங்கி அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கிரஹாம் எழுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். கதவைத் திறந்து அக்காவின் கண்களைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல மறந்து நின்றார். அவருக்கும் அதே சாம்பல் நிறம்.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர் அவர்களுடைய பூர்வீகம். அப்பன், பாட்டன் எல்லோரும் மாலுமிகள். சில தலைமுறைகளுக்கு முன் இரண்டு சகோதரர்களில் ஒருவர் ஆக்லாந்துக்கு வந்து குடியேறினார். அவர் வழியில் வந்தவர் கிரஹாம். மற்றவர் வில்லியம். இலங்கைப் பக்கம் போன கப்பலிலிருந்து அவர் திரும்பவில்லை. கடலில் மாண்டவர் என்றே குடும்பத்தில் எண்ணியிருந்தார்கள்.

"அவர் சாகவில்லை," என்றார் அக்கா. "எங்கள் வளவில் இருந்தார்."

கிரஹாம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, எங்களுக்குக் கேக் வெட்டிக்கொண்டே, தங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் கடலில்தான் போனார்கள், இத்தனைக்கும் எல்லோரும் நன்றாக நீந்துகிறவர்கள் என்றார்.

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "உங்கள் வீட்டில் யாராவது அமைதியான தண்ணீரில் இறந்ததுண்டா?"

கிரஹாமின் முகம் மாறியது. அவருடைய மகன் பதினாறு வயதில் பள்ளி நீச்சல்குளத்தில் இறந்திருந்தான். அதன் பிறகுதான் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்களாம்: இதயத்தின் துடிப்பை ஓட்டும் மின்சாரத்தில் பரம்பரையாக வரும் ஒரு கோளாறு. உடம்பை வருத்தும்போது, அதிலும் நீந்தும்போது, துடிப்பு தாறுமாறாகி நினைவு தப்பிவிடும். தண்ணீரில் நினைவு தப்பினால் அவ்வளவுதான். தனக்கும் அது உண்டு, தினமும் மாத்திரை எடுக்கிறேன் என்றார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஆரணி முந்தி ஒருக்கா நீச்சல்குளத்தில மயங்கி விழுந்தவள்," என்றார் அக்கா. "காலமை சாப்பிடாமப் போனதால எண்டுதான் நினைச்சம்."

முதலில் தன்னைத்தான் சோதித்தார். கிரஹாமின் மருத்துவ விவரங்களையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்காவுக்கும் இருந்தது, அதே கோளாறு. அந்தச் சனிக்கிழமையே பாட்டனி டவுன்ஸில் தம்பி வீட்டுக்குப் போனோம். ஆரணி பல்கலைக்கழகத் தோழிகளோடு வெளியே போயிருந்தாள்.

சிவகுமார் அண்ணா முழுவதையும் கேட்டார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"அக்கா, வாற கிழமை சிட்னியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம். வெள்ளைக்காரன் வழி வந்த குடும்பம், அதோட நெஞ்சு வருத்தக்காரக் குடும்பம் எண்டு தெரிஞ்சா ஆர் பொம்பிளை எடுப்பினம்? இதைத் தோண்டாதேங்கோ."

"நான் தோண்டேல்லை, தம்பி. அது எங்கட உடம்பில கிடக்கு. உனக்கும் இருக்கலாம்."

"கலியாணம் முடியட்டும். பிறகு சொல்லுவம்."

"அவள் நீந்துறாளே."

"அதை நான் நிப்பாட்டுறன். சத்தியமா நிப்பாட்டுறன்."

அக்கா அரைமனதோடு அதை ஏற்றார். ஆனால் காரணம் சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் எந்தப் பெண் நிறுத்துவாள்? அடுத்த வாரம் ஆரணி முகநூலில் ஒரு படம் போட்டிருந்தாள். துறைமுகத்தின் குறுக்கே நீந்தும் போட்டிக்கான தொப்பியும் எண்ணும் கையில். போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அதைப் பார்த்ததே ஞாயிறு காலையில். அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அவள் போனை எடுக்கேல்லை. காரை எடு."

கடற்கரை நெடுகக் கார்கள் நின்றன. இறங்கி ஓடினோம். மணலில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நிறத் தொப்பியோடு நின்றார்கள். ஒலிபெருக்கியில் யாரோ நேரம் நெருங்குகிறது என்றார். ஆட்களுக்கு நடுவே தன் மகளோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்த சிவகுமார் அண்ணாவைத்தான் முதலில் கண்டோம்.

"ஆரணி, இஞ்ச வா," என்றார் அக்கா.

ஆரணி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். இப்போது நேரமில்லை மாமி, முடிந்ததும் பேசுவோம் என்று.

"முடிஞ்சாப் பிறகு கதைக்க நீ இருப்பியோ தெரியாது."

"அக்கா, இஞ்ச வேண்டாம்," என்றார் தம்பி.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. அவளுடைய அப்பாவின் அப்பா எப்படி இறந்தார், பெரியப்பா எப்படி இறந்தார், கிரஹாமின் மகன் எப்படி இறந்தான், எல்லாவற்றையும் அந்தச் சத்தத்தின் நடுவே சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். ஆரணி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர் மணலைப் பார்த்தார். அவள் முகம் சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து நீந்துகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வரிசையை நோக்கி நடந்தாள்.

அக்கா செருப்பைக் கழற்றினார். பின்னால் ஓடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகக் கடலுக்குள் நடந்தார். சுடிதாரோடு. முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை. நாற்பது ஐம்பது வருடமாகக் கடலைத் தொடாத மனுஷி. மீட்புக்காரர் ஒருவர் கையை அசைத்துக் கூப்பிட்டார்.

"நீ நீந்து, ஆரணி," என்று அக்கா சத்தம் போட்டார். "நானும் வாறன். எனக்கும் இதே நெஞ்சுதான். ஆரின்ர நெஞ்சு முதல்ல நிக்குதெண்டு பாப்பம்."

அப்போது போட்டி தொடங்கும் சங்கு ஊதியது. எல்லோரும் ஓடினார்கள். தண்ணீர் கலங்கித் தெறித்தது. அந்தக் கூட்டத்தில் ஆரணியும் ஓடுவதைக் கண்டு சிவகுமார் அண்ணா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அக்காவின் தலை ஒரு கணம் மறைந்தது. நீந்துகிறவர்கள் இரண்டு பக்கமும் கடந்து போனார்கள். அவர்கள் போன பிறகு, இடுப்பளவு தண்ணீரில் ஆரணி அக்காவின் கையைப் பிடித்துக் கரையை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தாள்.

மணலில் உட்கார்ந்ததும் அவள் அழுதபடி, நீங்கள் என்னைப் பயமுறுத்திவிட்டீர்கள் என்றாள்.

"நல்லது," என்றார் அக்கா. பற்கள் ஒன்றோடொன்று மோதின. "எனக்கும் பயமாத்தான் இருந்தது."

சோதனையில் ஆரணிக்கு இருந்தது. சிவகுமார் அண்ணாவுக்கும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைக்கக் கூடாது என்று ஆரணியே சொல்லிவிட்டாள். அவர்கள் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அதன் பிறகு சிவகுமார் அண்ணா ஒரு வருடத்துக்கு மேல் அக்காவோடு கதைக்கவில்லை. அக்கா அதைப் பற்றி என்னிடம் குறைப்பட்டதில்லை. ஆனால் வேலையிடத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் யாரென்று பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைப்பார்.

அந்த நாட்களில்தான் அவர் லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்த வில்லியன் வளவு உறவினர்களை ஒவ்வொருவராகத் தேடி அழைத்தார். பிள்ளைகளின் நெஞ்சைச் சோதியுங்கள் என்பார். சிலர் திட்டினார்கள். குடும்பத்துக்குக் கெட்ட பெயர் எடுத்துத் தருகிறாய் என்றார்கள். லண்டனில் ஒரு பெண் முதலில் திட்டிவிட்டு, சில மாதம் கழித்துத் தானாக அழைத்தார். அவருடைய மகனுக்கு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த அழைப்பு முடிந்ததும் அக்கா கழிவறைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை.

கிரஹாமோடு சேர்ந்து வம்சவரிசையையும் தொடர்ந்து தேடினார். வில்லியத்தின் தகப்பன், பாட்டன் பெயரெல்லாம் கிடைத்துவிட்டது. அக்காவுக்கு அது போதவில்லை.

"வில்லியத்தின்ர பேர் வளவில நிண்டிட்டுது," என்றார். "அவனுக்குச் சோறு போட்டு, அவன்ர பிள்ளையைப் பெத்த மனுசியின்ர பேர் ஒருத்தருக்கும் தெரியேல்லை. இது என்ன ஞாயம்?"

டொரண்டோவில் படுக்கையில் இருந்த ஒரு கிழவருக்கு அது நினைவிருந்தது. வள்ளிப்பிள்ளை. அந்தப் பெயரை அக்கா எனக்குப் போனில் சொன்னார். பிறகு வழக்கம்போல விடைபெறாமல் வைத்துவிட்டார்.

சென்ற குளிர்காலத்தில் அவருக்கு இருமல் தொடங்கியது. மருத்துவமனையில் சேர்த்த அன்று சிவகுமார் அண்ணா வந்து கட்டிலருகே நின்றார். அக்கா கண்ணைத் திறந்து, "மாத்திரை எடுக்கிறியோ?" என்றார். "ஓம் அக்கா," என்றார் அவர். அதற்குப் பிறகு கடைசி நாள்வரை அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் வாய்க்கரிசி போட இரத்த உறவினர்களை ஐயர் அழைத்தார். கிரஹாம் கடைசி வரிசையில், கறுப்புக் கோட்டோடு, எழும்பலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார். சிவகுமார் அண்ணா சடங்கு மேடையிலிருந்து இறங்கி, அத்தனை பேரின் பார்வைக்கும் நடுவே கடைசி வரிசைவரை நடந்து, அவருடைய கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"இவர் ஆர்?" என்று ஐயர் மெதுவாகக் கேட்டார்.

"எங்கட ஆள்," என்றார் சிவகுமார் அண்ணா, மண்டபம் முழுவதும் கேட்கும்படி. "எங்களுக்கு அண்ணன் முறை."

ஆரணி கிரஹாமின் உள்ளங்கையில் அரிசியை வைத்து, எப்படிப் போடுவது என்று காட்டினாள். அவரும் போட்டார். சில மணிகள் அக்காவின் கன்னத்தில் விழுந்தன. அவர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அக்காவின் உதட்டில் வைத்தார்.

புவனேஸ்வரி அக்கா, உங்கள் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நிம்மதியாகப் போங்கள்.