உள்ளங்கையில் குளுக்கோஸ்

வெஸ்ட் வின்ட்சரில் மகள் படிக்கும் ஹைஸ்கூல் மைதானம். அடுத்து அவளுடைய நானூறு மீட்டர் ஓட்டம். உட்கார முடியாமல் கம்பி வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தேன். கைப்பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் பழைய வாசனை வந்தது.

கோபியில் ஒன்பதாம் வகுப்பு விளையாட்டு விழா. சுண்ணாம்புக் கோட்டில் வெறுங்காலோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். கூட்டம் என்றாலே கூச்சப்படும் அப்பா, சட்டையில் மில் பஞ்சு ஒட்டியிருக்க வந்து, என் உள்ளங்கையில் குளுக்கோஸைக் கொட்டினார்.

"முழுங்கீராத கண்ணு, நாக்குலயே வெச்சுக்க."

ஓட்டத்தைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னைவிட அவருக்குத்தான் பயம்.

"நிலா, இந்தாடி" என்று வேலிக்கு மேல் கையை நீட்டினேன். மகள் பதறினாள்.

"ஓ மை காட், அம்மா! ஸ்கூல்ல ஒயிட் பவுடரா? டிரக்ஸ்னு நெனப்பாங்க! கோச் பார்த்தா நான் காலி! உள்ள வை!"

பொட்டலத்தைப் பைக்குள் திணித்தேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காரிலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நடந்தேன்.

"அம்மா, எங்க போற? ஸ்டே! ப்ளீஸ்!"

திரும்பி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டத்தைத் தொடங்கும் துப்பாக்கி வெடித்தது. விரலில் ஒட்டியிருந்த குளுக்கோஸை நாக்கில் வைத்துக்கொண்டேன். அவள் ஓடி முடிக்கும்வரை முழுங்கவில்லை.