அக்கா கழித்த சிவப்பு

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அக்கா கையைக் கழுவிவிடுவாள். சோப்பு கிடையாது, இறாலுக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் முழங்கை வரை மூன்று முறை அலசி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாள். முந்தின நாள் தடவிய கிரீமின் வாசம் ஒரு விரலில் மிச்சமிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. பிறகு கூடத்து ஜன்னலோரம் இருக்கும் அலங்கார இறால் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைக் கோப்பையைச் சாய்வாக இறக்கிக் காத்திருப்பாள். இறாலைத் துரத்தக் கூடாது. துரத்தினால் பின்பக்கமாகத் துள்ளிப் பாசிக்குள் போய்விடும். அதுவாகக் கோப்பைக்குள் வந்து நிற்க வேண்டும். நின்றதும் இடது கையில் இருக்கும் அட்டையை அதற்கு நேராகப் பிடிப்பாள். அட்டையில் ஒன்பது செயற்கை நகங்கள், வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஒன்பது சிவப்புப் பூச்சு. ஐந்துக்குக் கீழே என்றால் கோப்பை மேலே வரும்.

"நாலு," என்பாள். "கழிச்சாச்சு."

அக்காவுக்குப் பிழைப்பும் இதுதான். செயற்கைப் பல் செய்யும் லேபில் நிறம் பார்ப்பவள். டாக்டர் எழுதி அனுப்பும் ஷேடு நம்பரை அவள் நம்ப மாட்டாள். நோயாளியையே வரவழைத்து, உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறக்க வைப்பாள். அவள் பூசிச் சுட்டெடுத்த பல்லைப் பெற்ற தாயாலும் பிரித்துச் சொல்ல முடியாது. "இவங்களுக்குக் கண்ணு லீவுன்னா நாங்க கடையைச் சாத்திட வேண்டியதுதான்," என்று லேப் முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அக்கா அதைக் கேட்காதது போலக் குனிந்துகொள்வாள். கேட்டிருக்கிறாள் என்பது காதுமடலில் தெரியும்.

அந்தக் கண்ணை வைத்துத்தான் நான்கு வருடமாக இறாலைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் அடியில் வெள்ளை மணல். "வெள்ளையில வச்சுப் பாத்தாதான் நிறம் பொய் சொல்லாது" என்பாள். வெளிறியதை நீக்கி, சிவந்ததைச் சேர்த்து, அதன் குஞ்சுகளில் மறுபடி நீக்கி, ஆறு வரை வந்திருந்தாள். ஏழு இரண்டே இரண்டு. ஒன்பது அவள் தொட்டியில் பிறந்ததே இல்லை.

கழித்தவற்றைக் கொல்ல மனம் வராது. அவை மேல்மாடிக்குப் போகும். அங்கே அத்தானின் தங்கை தனியாக இருந்தாள். கார் ஓட்டக் கற்றுத்தருபவள். நாள் முழுக்க "பிரேக், பிரேக்!" என்று கத்தி, வீட்டிலும் வாய் தவறி அதே வருவதால் அவளுக்குப் பிரேக் என்றே பெயராகிவிட்டது. நடைபாதை போட்டபோது மிஞ்சிய கறுப்புக் கல்துண்டுகளை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் கொட்டி, அக்கா கொடுத்த பாசியைப் போட்டு, அண்ணி கழித்ததையெல்லாம் அதில் விட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அத்தான் மேலே போய் பல்பு மாற்றிவிட்டு இறங்கி வந்தார்.

"ஏய், மேல போய்ப் பாரேன். என்னமா செவந்து கிடக்கு! தக்காளி பிச்சை வாங்கணும்."

"எது?"

"நீ குடுத்த இறால்தான்."

"நான் குடுத்ததெல்லாம் கழிசல்," என்றாள் அக்கா.

அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள், திருப்பித் தர வேண்டிய டப்பா ஒன்று திடீரென ஞாபகம் வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

ஜாடி சமையலறை மேடையில், பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே கறுப்புக் கற்களின் மேல் முப்பது நாற்பது இறால்கள், யாரோ தணலைக் கிளறி விட்டதுபோல. அட்டை தேவைப்படவில்லை. எட்டு. எட்டு. வயிற்றில் முட்டை சுமந்த ஒன்று, சந்தேகமே இல்லாமல் ஒன்பது.

"என்ன போடற?" அக்காவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"என்னத்தப் போடறது அண்ணி. கீரை வேகவச்சா ஒரு துண்டு. மறந்துட்டா அதுவும் இல்ல. நேத்து வண்டி கத்துக்க வந்த ஒருத்தரு பிஸ்கட்ட ஒடச்சுப் போட்டுட்டாரு."

"பிஸ்கட்டா?"

"சாகலையே! ரசிச்சு சாப்பிட்டுச்சு." சிரித்தாள். "எல்லாம் உங்க கை ராசி அண்ணி. நீங்க தந்ததுதானே."

அக்கா டப்பாவை வைக்க மறந்து கையோடு கீழே கொண்டுவந்துவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் மேல்மாடியின் ஒவ்வொரு சத்தமும் கேட்கத் தொடங்கியது. மேலே சிரித்தால் அக்கா டிவியின் ஒலியைக் கூட்டுவாள். படியில் யாராவது ஏறினால் கதவு இடுக்கில் பார்ப்பாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து, "மேல் வீட்டு இறால் குஞ்சு நாலு வாங்கித் தர முடியுமா?" என்று அக்காவிடமே கேட்டுவிட்டார். "அங்கயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அன்று தொட்டிக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாள்.

அதே மாதத்தில் அவள் நிறம் பார்த்த முன்பல் ஒன்று லேபுக்குத் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பியது மறுபடியும் வந்தது. பதினொரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. காலைச் சாப்பாட்டில் என் வாய்க்கு நேராகப் பல் நிறங்களின் ஷேடு பட்டையைப் பிடித்து, "நீ ஏ2தானே? ஏ2தானே?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் பயந்திருந்தாள். தான் நாலு என்று தள்ளியது ஒன்பது என்றால், நான்கு வருடமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கண்?

ஒரு செவ்வாய்க்கிழமை, மேலே போய், "ரெண்டு மூணு குடு, என் தொட்டியில புது ரத்தம் சேக்கணும்" என்றாள். பிரேக் ஆறு கொடுத்தாள். முட்டைக்காரியும் அதில் ஒன்று. "பொறந்த வீட்டுக்கே அனுப்பிடறேன் அண்ணி."

வெள்ளை மணலில் விட்ட அன்று மாலை எட்டு. புதன் மதியம் ஆறு. வெள்ளிக்கிழமை, அட்டையைப் பிடித்தபோது, நாலு.

"பாத்தியா," என்றாள் என்னிடம். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவள் பல் தெரியச் சிரித்தாள். "சாயம் வெளுத்துப்போச்சு."

இறால் தன் காலடியில் இருக்கும் நிறத்தைப் பார்த்துத் தன்னை அடர்த்தியாக்கிக்கொள்ளும். கறுப்புத் தரையில் சிவக்கும், வெளிறிய தரையில் மங்கும். மீன் வளர்ப்பவர்கள் பலருக்குத் தெரிந்த சங்கதி. அன்று எனக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது, அவர் தங்கைக்கும் தெரியாது.

ஞாயிறு மதியம் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவோம். அந்த வார ஞாயிறு அக்கா பரிமாறி முடித்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"அதுக்கு என்ன கலந்து குடுக்கற?"

"எதுக்கு அண்ணி?"

"இறாலுக்கு. மூணு நாள்ல அத்தனையும் வெளுத்துடுச்சு. நிஜச் சிவப்பு வெளுக்குமா?"

"நான் எதுவும் கலக்கலையே."

"நிறம் பாத்துச் சம்பாதிக்கிறவ நான். எனக்கே காது குத்தறியா?"

"விடும்மா," என்றார் அத்தான், "இறாலுக்கெல்லாமா..."

"நீங்க சும்மா இருங்க. தம்பி, நீ பாத்தல்ல? வெளுத்ததா இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளுத்தது உண்மை. "வெளுத்துச்சு," என்றேன்.

தெருவே திரும்பும்படி கத்துகிறவள், அப்போது மிக மெதுவாகப் பேசினாள். "எப்படின்னு எனக்குத் தெரியல அண்ணி. ஆனா நான் ஏமாத்தல."

"அப்ப வெளுத்தது எப்படி? சொல்லு."

பிரேக் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் ஜாடியை மார்போடு அணைத்தபடி, படியெல்லாம் தண்ணீர் சிந்த இறங்கி வந்து, எங்கள் மேசையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்க."

சாப்பாட்டை முடிக்காமலே போய்விட்டாள். அத்தானும் பாதியில் கை கழுவ எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் பிறகு வரவே இல்லை. நான்கு மாதத்தில் ஊரின் மறுகோடிக்கு வீடு மாற்றிக்கொண்டு போனாள்.

ஜாடியில் இருந்த எல்லாவற்றையும் அக்கா வெள்ளை மணலில் விட்டாள். ஒரு வாரத்தில் எது மேலிருந்து வந்தது, எது இங்கே பிறந்தது என்று பிரிக்க முடியவில்லை. தையல்காரம்மாவை அழைத்துக் காட்டினாள். "அந்தச் சிவப்பா இது?" என்றார் அவர். "இதேதான்" என்றாள் அக்கா, ரொம்பப் பொறுமையாக. லேபில் அந்த முன்பல் மூன்றாம் முறை சரியாகப் பொருந்தியது. அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு வருடம் கழித்து, ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் வாங்க அக்கா வழக்கமாகப் போகும் மீன்கடைக்கு நான் போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அக்கா சௌக்கியமா? கறுப்பு மணலுக்கு மாத்தினாங்களா இல்லையா?"

"எந்தக் கறுப்பு மணல்?"

"ஆறு இறால் மூணே நாள்ல வெளுத்துடுச்சு, ஏன்னு கேட்டு வந்தாங்களே. தரை நிறம்தாம்மா காரணம்னு சொன்னேன். நம்பல. நம்ம தொட்டியிலேருந்து ரெண்டு சிவப்ப எடுத்து வெள்ளைக் கிண்ணத்துல விட்டுக் காட்டினேன். அது மங்கற வரைக்கும் நின்னு பாத்தாங்க."

"எப்ப?"

"இங்க மாறி வர்றதுக்கு முன்னாடி பழைய கடையில அதுதான் கடைசி நாள், அதனால மறக்கல. பதினாலாம் தேதி, சனிக்கிழமை."

ஜாடி எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தது பதினைந்தாம் தேதி.