விட்டு வந்தவளிடம் விசாரித்தது

சேலத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் இரண்டு வருஷம் முடித்திருந்தேன். மீதிப் படிப்பை வெளிநாட்டில் முடிக்க மாற்றல் கேட்டதில், கனடாவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் வரச்சொல்லிவிட்டன. ஒன்று பெரிய நகரத்தில், பெரிய பெயரோடு. என் இரண்டு வருஷத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டு நேராக மூன்றாம் வருஷத்தில் உட்காரவைக்கும். இன்னொன்று சின்ன ஊரில். அது பாதிப் பாடங்களைத்தான் ஒப்புக்கொண்டது. ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். உதவித்தொகை தருவதால் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் ஒரு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில் போட நான் என்ன லூசா? அத்தை வேறு, படிப்பு முடிந்த மறுநாளே எனக்குக் கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அப்பாதான் இழுத்தார். "வெசாரிச்சியா?"

"வெப்சைட்ல எல்லாம் பாத்துட்டேன்பா."

"அது அவுங்க வூட்டு ஆல்பம். அதுல யாரு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பா? அங்க சேந்துட்டு, வேணாம்னு வந்தவங்க இருப்பாங்க. அவுங்களப் புடி."

அப்பாவின் வழக்கம் அது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர் ஊரான பாப்பாரப்பட்டிக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்த வீட்டில் வேலைக்கு இருந்து நின்றுவிட்ட ஆளைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு வந்து, "குடுக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் ஆசையும் தொற்றிக்கொண்டது. வாட்ஸ்அப் குழுக்களில் துழாவி, அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தை விட்டு வேறிடம் போன ஒரு பெண்ணைப் பிடித்தேன். கிருஷ்ணகிரிக்காரி, என்னைப் போலவே இங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டு நடுவில் போய்ச் சேர்ந்தவள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அப்பா பக்கத்தில் காதில் விழாத மாதிரி மல்லாட்டை உரித்துக் கடலையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு குறையும் இல்லங்க. லேப், லைப்ரரி எல்லாம் சூப்பர்" என்றாள் அவள். "என் சப்ஜெக்ட் எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாங்க பாருங்க, அதுதான் வெனை. ரெண்டு வருஷம் படிச்சது தெரியும்னு நெனச்சு நடத்துறாங்க. எனக்குப் பாஸ் பண்ணத்தான் தெரியும். தெரியலைன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? உங்களுக்கு எல்லாம் தெரியுமாங்க?"

"ஓரளவுக்கு" என்று சொல்லி போனை வைத்தேன்.

அப்பா தலை நிமிர்ந்தார். "ஏன் கண்ணு, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கரண்டு கம்மியா வந்தா நம்ம கெணத்து மோட்டாரு எரிஞ்சி போவுதே. கம்மியா வந்தா சூடும் கம்மியாதான இருக்கணும்? ஏன் எரியுது?"

"வோல்டேஜ் கொறஞ்சா அது கரண்ட கூட இழுக்கும்பா."

"எதுக்கு இழுக்குது?"

சூத்திரத்தைச் சொன்னேன்.

"அது கணக்கு. உள்ள என்னா நடக்குது?"

சூத்திரத்தையே இன்னொரு தடவை சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள் நான்! அப்பா மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, கையில் மல்லாட்டையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அரிப்பு எடுத்துவிட்டது. அட, உள்ளே என்னதான் நடக்கிறது? இரண்டு வருஷத்தில் எனக்கு ஏன் ஒரு தடவைகூட இது தோன்றவில்லை?

"அந்தச் சின்ன ஊருக்கே போறேன்பா" என்றேன். "ஒரு வருஷம் கூட ஆவும். அத்தை ஆடித் தீத்துரும்."

"அவகிட்ட நான் பேசிக்கறேன். மோட்டாரக் கழட்டித் தூக்கிக்கிட்டு எத்தன தடவ பென்னாகரத்து மெக்கானிக்குங்ககிட்ட ஓடியிருக்கேன்! ஒருத்தனும் எனக்குப் புரியற மாதிரி சொன்னதில்ல. நீ தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்றதா இருந்தா, இன்னொரு வருஷம் காத்திருக்க மாட்டனா?"