உப்புப் பார்க்க ஒரு சொட்டு

எங்கள் லயத்தில் கறியை இறக்குவதற்கு முன்னால் உப்புப் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. கரண்டியை வாயில் வைத்தால் சட்டி முழுக்க எச்சில். அதனால் கரண்டியால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்க வேண்டும். அதையும் சமைத்தவளே பார்க்கக் கூடாது. அடுப்புப் புகையில் நின்றவளின் நாக்குக்கு எல்லாம் சரியாகத்தான் படும் என்பார்கள். அடுத்த காம்பராவிலிருந்து யாரையாவது கூப்பிட்டு அவள் கையில் விடுவார்கள். ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறைதான் ஒரு காம்பரா. எங்கள் லயத்தில் அப்படிப் பன்னிரண்டு. அதில் பாதிப் பேர் என் கையில்தான் விட்டார்கள்.

எனக்கு வாய் நீளம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. "இது கறியா, கடல் தண்ணியா" என்று முகத்துக்கு நேரே கேட்பேன். ஆனாலும் கூப்பிடுவார்கள், ஏனென்றால் திட்டிய கையோடு வழியும் சொல்லிவிடுவேன். உப்புக் கூடிப்போனால் கோதுமை மாவை உருண்டை பிடித்துக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டு எடு. சோறு அடிப்பிடித்தால் கிளறாதே. மேல்சோற்றை வேறு சட்டிக்கு மாற்றி, ஒரு வெங்காயத்தைப் பிளந்து மேலே வைத்து மூடு. மரவள்ளிக் கிழங்கை மூடாமல் அவி, அன்றைக்கு இஞ்சித் தேத்தண்ணி பக்கமே போகாதே, இரண்டும் சேர்ந்தால் விஷம். பொலஸ் என்று நாங்களும் சொல்லப் பழகிவிட்ட பிஞ்சுப் பலாக்காயை வெட்டுகிறபோது கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள். அதற்குப் பழப்புளி போடாதே, கொறக்கா என்கிற குடம்புளியைப் போடு, மூன்று நாளைக்கு ஊசாது. பாதி என் தாயிடம் கேட்டது. பாதி, நிவித்திகலச் சந்தையில் மரக்கறி விற்ற நோனாக்களிடம் சிங்களத்தில் வாயடித்து வாங்கியது.

எங்களுடையது ரப்பர் தோட்டம். நானும் பால் வெட்டினவள்தான். ஒரு மழைக்காலத்தில் பால் வாளியோடு சறுக்கி விழுந்து முழங்கால் முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் மேடு ஏற முடியவில்லை. வீட்டுக்காரர் அதற்கு முன்பே தவறிவிட்டார், பிள்ளை கிடையாது. தோட்டத்துப் பதிவில் பேர் இல்லாதவளுக்குக் காம்பராவும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டரய்யா இரக்கப்பட்டு என்னைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகப் போட்டார். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. விடியும் முன்னே அரிசியும் பயறும் போட்டுக் கஞ்சி காய்ச்சி வைத்து, பிறகு முப்பது பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை போனால் நான் இருக்க ஓர் இடம் இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது விளங்கும்.

மூன்றாவது வருஷம் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் படுத்திருந்து எழுந்தேன். எழுந்த அன்று கருவாடு பொரித்தேன். சட்டியில் எண்ணெய் சடசடத்தது, புகை கண்ணைக் கரித்தது, வாடை மட்டும் வரவில்லை. கருவாட்டைக் கடித்தால் மரப்பட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. உப்பை அள்ளி நாக்கில் வைத்தேன். ஏதோ கரைந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் அசதி, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன். மாதங்கள் போயின. சரியாகவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரய்யாவிடம் சொன்னால், வாடையும் ருசியும் தெரியாதவளைப் பிள்ளைகளின் அடுப்படியில் விட்டுவைப்பாரா? கை அளவு பழகியிருந்தது. சட்டிக்கு இரண்டு பிடி, கொதி வந்ததும் அரைப் பிடி. லயத்துப் பெண்கள் வந்து கையில் விட்டால் நக்கிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். பயந்த முகமாக இருந்தால் "கூடிப்போச்சு" என்பேன். இல்லாவிட்டால் "சரியா இருக்கு." பெரும்பாலும் பொருந்தியது. எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்ததாக ஞாபகம் இல்லை. நாக்கோடு சேர்ந்து உள்ளே வேறு ஏதோவும் மரத்துப்போயிருந்தது. வேளாவேளைக்கு வயிற்றை நிரப்பினேன், படுத்தேன், எழுந்தேன்.

என் பக்கத்துக் காம்பராவில் ஒருத்தி இருந்தாள். நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள், உறவு ஒன்றும் கிடையாது. அதிகம் பேசமாட்டாள். அவளுடைய கடைசிப் பெண் மூன்று வயசு, பிள்ளைக் காம்பராவில் என்னிடம்தான் இருந்தாள். இந்த மதினி திடீரென்று ஒரு பழக்கம் பிடித்தாள். தினமும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகிற வழியில், கங்காணி பேர் கூப்பிட இன்னும் நேரம் இருக்கும்போதே, பிள்ளைக் காம்பராவுக்குள் வந்து கஞ்சிச் சட்டியைத் திறப்பாள். மோந்து பார்ப்பாள். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குவாள். "ஒரு கல்லு உப்பு போடலாம் மதினி" என்பாள். போட்டதும் இன்னொரு சொட்டு. "போதும் மதினி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லயத்துக்கே உப்புச் சொல்கிறவள் நான், எனக்கு இவள் சொல்லித் தருகிறாளா? ஆனால் சொன்னபடி போட்டுவிடுவேன். எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

எழுபதுகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கூப்பனுக்குக் கிடைத்த அரிசி இரண்டு நாளைக்குக் காணாது. காலையும் மாலையும் ரொட்டி, பிறகு ரொட்டிக்கும் மாவில்லாமல் மரவள்ளி. நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட சமையல் யோசனைகள் எல்லாம் அந்தக் காலத்தில் இல்லாததை எப்படிச் சமைப்பது என்பதாக மாறிவிட்டன. ரொட்டி மாவில் அவித்த மரவள்ளியை மசித்துப் பிசை, ஒன்று இரண்டாகும். பலாக்கொட்டையைச் சுட்டு இடி, பயறு மாதிரி இருக்கும். இருக்காது. ஆனாலும் சொன்னோம்.

பிள்ளைகளின் கஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் அரிசி வந்தது. அதுவும் குறைந்துகொண்டே வந்தது. கஞ்சி தண்ணியாக இருக்கிறது என்று தாய்மார் முணுமுணுத்தார்கள். ஆயா தின்கிறாள் என்று ஒருத்தி சொன்னதாக இன்னொருத்தி வந்து சொன்னாள். இந்தப் பேச்சு டாக்டரய்யா காதுக்குப் போனால் வந்து விசாரிப்பார். விசாரித்தால் என் நாக்கும் வெளியே வந்துவிடும்.

மறுநாள் விடியலில் தாய்மார் பத்துப் பேர் பிள்ளைகளோடு வாசலில் நின்றார்கள். மதினி வழக்கம்போல உள்ளே வந்து சட்டியைத் திறந்து ஒரு சொட்டு நக்கினாள். உப்புப் போடச் சொன்னாள். இரண்டாவது சொட்டுக்குக் கையை நீட்டினபோது நான் கரண்டியைப் பிடுங்கினேன்.

"ஒன் வயித்துக்குப் புள்ளைங்க கஞ்சியா கேக்குது? தெனமும் வந்து நக்கிட்டுப் போறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். மதினி என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தின்றது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதல்லவா.

அதன் பிறகு அவள் உள்ளே வரவில்லை. பெண்ணை வாசலிலேயே விட்டுப்போவாள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இரண்டு வாரம் இருக்கும். புது மூட்டை அரிசி வந்தது. காய்ச்சினேன், பிள்ளைகளுக்கு ஊற்றினேன். முதலில் குடித்தவன் துப்பினான். அடுத்தவளும் துப்பினாள். ஊரே பட்டினி கிடக்கிறது, இதுகளுக்குத் திமிரைப் பார் என்று எனக்கு ஆத்திரம். மதினியின் பெண் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தை அழுத்தித் திறந்து ஒரு கரண்டி ஊற்றினேன். விழுங்கிவிட்டு அழுதாள்.

"ஆயா, வெளக்கு நாத்தம்" என்றாள்.

மூட்டையைப் போய்ப் பார்த்தேன். அடிப்பக்கம் ஓரமாக ஈரக் கறை. லொறியில் மண்ணெண்ணெய்ப் பீப்பா பக்கத்தில் ஏற்றியிருப்பார்கள். குனிந்து மூக்கை வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டியைத் தூக்கி, கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானில் கொட்டினேன். மிச்சமிருந்த மாவைக் கரைத்து வேறு கஞ்சி காய்ச்சினேன். மதியம் வந்த தாய்மார் கானைத் தாண்டும்போதே மூக்கைப் பொத்தினார்கள். "ஏன்க்கா, காய்ச்சுறப்பவே வாடை தெரியலையா ஒங்களுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். சளி பிடித்திருக்கிறது என்றேன்.

இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றாலே போய் நின்றது. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். அதை நினைத்தபோதுதான் இத்தனை மாதமாக விடியலில் அந்தச் சட்டியை மோந்து பார்த்த ஒருத்தி என் ஞாபகத்துக்கு வந்தாள்.

சாயந்தரம் அவள் காம்பராவுக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அன்னைக்குப் பொலஸ் ஆக்கி ஒங்க கையில விட்டேன்ல. உப்பு போட மறந்திருந்தேன். நீங்க சரியா இருக்குன்னீங்க. வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் ஒங்க கருவாடு கருகி லயமே நாறுது, நீங்க பக்கத்துலயே குந்தியிருந்தீங்க."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா ஒங்களுக்கு மானக்கேடு. வெளிய தெரிஞ்சா வேல போயிரும். எங்க போவீங்க?" அடுப்பில் விறகைத் தள்ளினாள். "கஞ்சிய எம் புள்ளையும்தானே குடிக்குது."

நாளையிலிருந்து வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நாலு பேரு முன்னால சொல்லிட்டீங்க மதினி. இப்ப நான் வந்தா, பசிக்கு நக்க வந்துட்டான்னுதான் பாப்பாங்க."

அது நியாயம். நான் வீட்டுக்கு வந்தேன். அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை. நாலு பேருக்கு முன்னால் சொன்னதை நாலு பேருக்கு முன்னால்தான் திருப்ப வேண்டும், வேறு வழி இல்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

மறுநாள் தாய்மார் வாசலுக்கு வந்ததும் கரண்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மதினி பெண்ணை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றேன். "அந்தக் காய்ச்சல் வந்ததுல இருந்து வாடையும் தெரியாது, உப்பும் தெரியாது. தெனமும் இவங்கதான் பாத்துச் சொன்னாங்க. நான்தான் இவங்களக் கேவலமாப் பேசிட்டேன். இவங்க ஒரு வாய் குடிக்கல."

அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். நக்கினாள். "சரியா இருக்கு மதினி" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. என் கண் காய்ந்துதான் இருந்தது.

இரண்டாம் நாள் டாக்டரய்யா வந்தார். கண்ணை மூடச் சொல்லி நாக்கில் ஏதோ வைத்து, என்ன என்று கேட்டார். குத்துமதிப்பாகச் சீனி என்றேன். அவர் வைத்தது கசக்கிற கொயினா மருந்து. வைதுவிட்டுப் போனார். ஆனால் பேரை வெட்டவில்லை. மண்ணெண்ணெய்க் கஞ்சி குடித்த பிள்ளைகளின் தாய்மாரே அவரிடம் போய்ப் பேசியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அடுப்பு வேறொருத்திக்குப் போயிற்று. எனக்குத் தொட்டில் ஆட்டுவதும் பிள்ளைகளின் துணி துவைப்பதும். காம்பரா தங்கியது.

லயத்தில் அதன் பிறகு யாரும் என் கையில் விடவில்லை. கறி கொதிக்கிற நேரத்தில் என் வாசலைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். குற்றம் சொல்ல முடியாது. யாருக்காவது சோறு அடிப்பிடித்தால் வெங்காயம் வைக்கச் சொல்லலாம் என்று வாய் வரும், மூடிக்கொள்வேன். வாய் நீளமானவளுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்.

அடுத்த வருஷம் மதினி குடும்பத்துக்கு, இரண்டு நாட்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கு ஒரேயடியாகப் போக ஓலை வந்தது. பஸ்ஸில் ஏறி, ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல். மூன்று நாள் வழி. கிளம்புகிற அன்று காலையில் லயத்துப் பெண்கள் எல்லோரும் அவள் வாசலில் நின்றார்கள். நான் என் வாசலில் குந்தியிருந்தேன். வழிக்கு ரொட்டி சுட்டு, பொலஸ் கறி ஆக்கியிருந்தாள். கொறக்கா போட்டுத்தான் ஆக்கியிருப்பாள்.

கறிச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அத்தனை பேரையும் தாண்டி என்னிடம் வந்தாள். சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கரண்டியால் கலக்கி எடுத்தாள்.

"உப்புப் பாருங்க மதினி" என்றாள்.

கையை நீட்டினேன். ஒரு சொட்டு விழுந்தது. சூடாக இருந்தது, அது தெரிந்தது. நக்கினேன்.

"சரியா இருக்கு மதினி" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கறியைத் தகர டின்னில் ஊற்றி மூடினாள். வேறு யார் கையிலும் விட்டுப் பார்க்கவில்லை.