குழாயடிப் பலகை

அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? குளியலறைச் சுவரை உடைத்த நாளிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல அவர் இல்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் கல் வீடு எங்களுடையது. அப்பா போனபின் அம்மா தனியாக இருந்ததால், கணவரும் நானும் குழந்தையோடு இங்கேயே வந்துவிட்டோம். மகள் இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். கைக்கு எட்டுவதையெல்லாம் தொட்டுப் பார்க்கிறாள். குளியலறைச் சுவரில் ஈரம் பரவுவதைக் கண்டு பயந்து, குழாய் வேலை, கரண்ட் வேலை இரண்டும் தெரிந்த ஒருவரை ஒடுகத்தூரிலிருந்து வரவழைத்தேன்.

பூச்சைப் பெயர்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு அக்கா இது, ஒயரையும் பைப்பையும் ஒரே பாயில படுக்க வச்சிக்கிறது?"

"எங்க வூட்டுக்காரரு" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அவர் உளியைத் துடைத்தபடி, "கல்லு சுவராச்சேம்மா, ரெண்டு எடத்துல வெட்றது கஷ்டந்தான்" என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே பள்ளத்தில் இரும்புக் குழாயும் ஒயரும் ஒட்டிக் கிடந்தன. ஒயரை முறுக்கி இணைத்த இடங்களில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது. குழாய் கசிந்த இடத்திலும் அதே டியூப்தான்.

அந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தவை அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள். பழைய டியூபை நானும் தம்பியும் ஆளுக்கொரு முனையில் இழுத்துப் பிடிப்போம்; அப்பா பிளேடால் நீளவாக்கில் கிழிப்பார். டார்ச், குடைக்காம்பு, என் புத்தகப் பையின் வார் என்று வீட்டில் உடைந்த எல்லாவற்றுக்கும் அதுதான் கட்டு. மலைக்குக் கீழேயிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்கு இருந்ததில்லை. குளியலறை பல்ப் முதன்முதலில் எரிந்தபோது, சுவிட்சை எங்களையும் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அடுப்பில் சாமைச்சோறு பொங்கியதைக்கூட விட்டுவிட்டு அம்மாவும் வந்து போட்டார்.

மழைக்காலத்தில் குளியலறைக் குழாயைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். யார் அதிக நேரம் பிடித்திருப்பது என்று எனக்கும் தம்பிக்கும் போட்டி. மலைத் தண்ணீரின் குளிர் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொல்வார். நாங்களும் நம்பினோம். அப்படியொரு மழைக்காலத்தில்தான் அப்பா ஒரு பழைய கதவிலிருந்து பலாப் பலகையை அறுத்து, குட்டையாகக் கால்கள் அடித்து, குழாயடியில் போட்டார். கால் சில்லிடாமல் இருக்கத்தான் என்றார். எங்களுக்கு அது பஸ். தம்பி டிரைவர், நான் கண்டக்டர். அப்பா வெளியே நின்று, "பலகைய வுட்டு எறங்காதீங்க" என்பார்.

அம்மா சமையலறைக்குப் போனபின் வேலைக்கு வந்தவர் குழாயில் கரண்ட் பார்க்கும் டெஸ்டரை வைத்தார். அதன் சின்ன விளக்கு எரிந்தது. உடனே அந்த லைனை அணைத்துவிட்டு, குழாயடியில் கிடந்த பலகையைக் காட்டி, இதன்மேல் நின்றதால்தான் நாங்கள் தப்பித்தோம் போல என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா தெரிந்துதான் பலகையைப் போட்டாரா? தெரிந்திருந்தால் ஏன் சுவரைத் திறக்கவில்லை? அவருடைய குரலை நினைவில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு சமயம் அதில் பயம் தெரிகிறது. ஒரு சமயம் வெறும் பாசம்தான்.

வீடு முழுவதும் புது ஒயர் இழுத்துவிடலாம் என்றேன். மற்ற அறைகளுக்கு அம்மா சம்மதித்தார். குளியலறையில் மட்டும் கசிவை அடைத்து, சுவரைப் பழையபடி மூடச் சொன்னார்.

"அவரு கையால போட்டது. இத்தன வருசத்துல நமக்கு இன்னா ஆயிப்போச்சி?"

குளியலறை லைனை அணைத்தபடியே வைத்து, வேலைக்கு வந்தவரை அனுப்பிவைத்தேன். இன்று காலை அம்மா என் மகளைப் பலகையில் நிறுத்தி, வாளித் தண்ணீரில் குளிப்பாட்டினார். "பலகைய வுட்டு எறங்காத கண்ணு" என்றார். அதே வார்த்தைகள்.

அந்த ஒயர் போயே ஆக வேண்டும். அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் டெஸ்டர் எரிந்ததைச் சொன்னால், குளிர் என்று சொல்லிப் பிள்ளைகளைத் தொடவிட்டோமே என்று அம்மா உடைந்துபோவார். சொல்லாமல் பிரித்தால், அப்பாவின் வேலையை நான் மதிக்கவில்லை என்றாகும். பெற்றவர் கையால் செய்ததைப் பிரிக்கும் நிலை உங்களுக்கும் வந்திருந்தால், வீட்டில் இருப்பவரிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்? எனக்கு எழுதுங்கள். வாரச் சந்தைக்கு மறுநாள் வேலைக்கு அவர் மீண்டும் ஒடுகத்தூரிலிருந்து வருகிறார். அதற்குள் அம்மாவிடம் நான் பேசியாக வேண்டும்.